சிவப்பு எண் நிற்கவில்லை

வீடு மாற்றி மாற்றி ஊசியக்காவுக்கு அட்டைப்பெட்டி கட்டுவதில் கை தேர்ந்துவிட்டது. பிரிப்பதற்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. இந்த முறை கீழ்த்தள வீடு. வந்து இறங்கியதிலிருந்து பாத்திரப் பெட்டியையும் துணிப் பெட்டியையும் மட்டும்தான் திறந்திருந்தாள். மற்றதெல்லாம் கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக, விசேஷம் முடிந்தும் ஊருக்குக் கிளம்பாத சொந்தக்காரர்களைப்போல உட்கார்ந்திருந்தன.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வரும் குழந்தைகள். காலையில் போய் நின்றால் சாயங்காலம்வரை அதுதான் வேலை. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்து, "கையை அசைக்காதீங்க, இதோ முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே ஊசியைச் செருகுவது. குழந்தைகள் வைத்த பெயரைப் பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் கட்டிய புருஷன்கூடப் போனில் அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் லாரி ஓட்டுபவர். வீடு மாறும் நாளெல்லாம் பார்த்து அவருக்கு எப்படித்தான் தூரத்து லோடு அமையுமோ, இதுவரை ஒரு பெட்டியைத் தூக்கியதில்லை.

"என்ன ஊசியக்கா, எல்லாம் வந்து சேர்ந்தாச்சா?" என்று அன்றைக்கும் வழியிலிருந்து கேட்டார்.

"சாமானெல்லாம் வந்தாச்சு. என் உசிருதான் இன்னும் பின்னாடி வந்துக்கிட்டிருக்கு."

"கேஸ் வந்துடுச்சா?"

கேஸ் விஷயம் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. சாவி கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லியிருந்தார், முன்னால் இருந்தவர்கள் காலி செய்த அன்றே கேஸ் கம்பெனிக்காரர்கள் வந்து இணைப்பை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், இனி உங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தால்தான் திறப்பார்கள் என்று. அவளும் எழுதிக் கொடுத்தாள். ஆள் வருவான் என்றார்கள். ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஆள் வரவில்லை. ஆனால் குடிவந்த அன்று சாயங்காலமே, பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் படிக்கிற அவளுடைய மகள் விளையாட்டாக அடுப்பைத் திருப்பிப் பற்றவைக்க, குப்பென்று நீலமாக எரிந்தது.

"அம்மா! மூடிட்டாங்கன்னு சொன்னாங்களே, எரியுதே?"

"எரியுதா? எரியட்டும். கேள்வி கேக்காத. கேட்டா அணைஞ்சிடப்போகுது."

உடம்பு கெஞ்சும்போது அதிர்ஷ்டத்தைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஒரு பானை தண்ணீர் சுடவைத்து, இரண்டு பேரும் குளித்துவிட்டு, தரையில் போர்வையை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

கம்பெனி ஆள் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது அவள் வேலைக்குக் கிளம்பிப் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். "வாசல்ல நிக்கிறேன் மேடம், நீங்க இல்லைன்னா அடுத்த வாரம்தான்" என்று போனில் சொன்னான். நிலையத்துக்குப் போன் போட்டுப் பேச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

மெக்கானிக் இளைத்த ஆள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கருத்திருந்தது. சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. சமையலறையில் எரிகிற அடுப்பைப் பார்த்ததும் நின்றான்.

"இது எப்படி எரியுது?"

"திருப்பினேன், எரியுது."

"மூடியிருக்கணுமே மேடம்."

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும் தம்பி."

மாடிப்படிக்குக் கீழே சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் திறந்தால் உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மீட்டர். ஒன்றின் மேல் 'கீழ்' என்றும், மற்றதன் மேல் 'மேல்' என்றும் யாரோ பெயின்டில் எழுதியிருந்தார்கள். 'கீழ்' மீட்டருக்குப் போகும் குழாயில் கைப்பிடி குறுக்காகத் திரும்பியிருந்தது. அதில் கம்பி கட்டி, சீல் வைத்திருந்தது. சீல் கலையாமல்தான் இருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்தான், சமையலறைப் பக்கம் பார்த்தான், தலையைச் சொறிந்தான். போன் மறுபடி அடித்தது.

"மூடினது சரியா உக்காரல போலிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு இருந்திருக்கும்" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கம்பியை வெட்டி, கைப்பிடியை நேராகத் திருப்பினான். உடனே மீட்டரில் கடைசி எண் உருள ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, ஓடுது. உள்ள உங்க அடுப்பு எரியுதுல்ல, அதான்."

அவளும் எட்டிப் பார்த்தாள். கறுப்புக் கட்டத்தில் சில எண்கள், ஒரு புள்ளி, அதற்கப்புறம் சிவப்புக் கட்டத்தில் சில எண்கள். பழைய வீட்டில் அவள் மீட்டரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பில் வரும், கட்டுவாள், திட்டுவாள், அவ்வளவுதான்.

"பில்லுக்குக் கறுப்பு மட்டும் பாத்தா போதும். சிவப்பு சும்மா துளித் துளியா ஓடுறது. ஆனா அதுல ஒரு பிரயோஜனம் இருக்கு. எல்லாத்தையும் அணைச்சிட்டா சிவப்பு நிக்கணும். நிக்கலைன்னா எங்கயோ போகுதுன்னு அர்த்தம், எங்களுக்குப் போன் பண்ணுங்க. கைப்பிடி குழாயோட நேரா இருந்தா திறந்திருக்கு, குறுக்க இருந்தா மூடியிருக்கு. இன்னிக்கு எண்ணை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, பின்னாடி தகராறு வராது."

பாடம் ஒப்பிப்பதுபோல மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ வேண்டாம் என்று பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான்.

அவள் அடுப்பை அணைத்தாள். டீயை வடிகட்டி, சுவரில் சாய்ந்து நின்றபடியே குடித்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். மத்தியானத்துக்குள் வேலைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். போகும் வழியில் அந்த போட்டோவையும் எடுத்துவிடலாம் என்று பையை மாட்டிக்கொண்டு படிக்குக் கீழே குனிந்தாள்.

முதல் போட்டோ கலங்கலாக விழுந்தது. இன்னொன்று எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மோசமானதை அழிக்கப் போனவள் நின்றாள். இரண்டிலும் சிவப்பு எண் வேறு வேறாக இருந்தது.

'அடுப்பை அணைக்க மறந்துட்டேனா?'

உள்ளே போனாள். அணைந்துதான் இருந்தது. மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். டீ வாசனையும் புதுச் சுண்ணாம்பு வாசனையும்தான் வந்தன. வெளியே வந்து பார்த்தால் சிவப்பு எண் பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது, அவசரமில்லாமல், நிறுத்தாமல்.

உண்மையைச் சொன்னால், அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. இப்போதுதான் ஒன்று முடிந்தது என்று நினைத்தாள், அதற்குள் இன்னொன்று. மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அவன் சட்டைப்பையில் அது எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. தெருவாசல்வரை போய்விட்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி வந்து, கைப்பிடியைக் குறுக்காகத் திருப்பி மூடினாள்.

சிவப்பு எண் நின்றது.

சரி, இனி நிம்மதியாகப் போகலாம். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் ஊசியக்கா விடமாட்டாள். ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பெயரில் போய்விடக் கூடாது என்று லேபிளை மறுபடி மறுபடி பார்த்தே பழகியவள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமல் லேசாகத் திருப்பிப் பார்த்தாள். 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. சட்டென்று மூடினாள்.

அவளுடைய மீட்டர் மூடியிருக்கிறது. அவளுடைய அடுப்பில் கேஸ் வருகிறது. அப்படியென்றால் அது அவளுடைய மீட்டரே இல்லை. இவள் இத்தனை நாள் எரித்தது 'மேல்' என்று எழுதிய மீட்டரில் வந்த கேஸ். 'கீழ்' என்று எழுதியது போவது மாடிக்கு. யாரோ பெயின்டில் எழுதும்போது மாற்றி எழுதிவிட்டார்கள்! இப்போது மெக்கானிக் திறந்துவிட்டுப் போனது மாடிவீட்டுக் குழாயை. அந்தச் சிவப்பு எண் ஓடியதெல்லாம்...

பையைப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். காலையிலிருந்து வலித்த முழங்கால் அப்போது வலிக்கவில்லை.

மேலே ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார், ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி வருகிறது, போகிறது என்று அறிவிப்புச் சொல்லி ஓய்வுபெற்றவர், தொந்தரவே கிடையாது என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை படியில் பார்த்திருக்கிறாள். ரொட்டிப் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மேல்படிக்கு வந்ததும் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. கை தானாக அழைப்புமணியின் பொத்தானுக்குப் போய்விட்டது. தொடப் போன விரலை இழுத்துக்கொண்டாள். மணிக்குள் ஒரு பொறி போதும். முஷ்டியால் கதவை இடித்தாள்.

"சார்! சார்! கதவைத் திறங்க!"

பதில் இல்லை. செருப்பைக் கழற்றி அதால் இடித்தாள். உள்ளே செருப்புத் தேய்க்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகி, இருட்டான நடையில் பெரியவர் தூக்கக் கலக்கத்தோடு நின்றார்.

"யாரும்மா? இருங்க, லைட்டைப் போடுறேன்" என்று சுவரில் சுவிட்சைத் தேடி அவர் கை போனது.

அவள் தாவி அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். எத்தனை ஆயிரம் கையைப் பிடித்தவள்! அந்தப் பிடியில் அசைவதற்கு இடமில்லை. "கையை அசைக்காதீங்க" என்றாள். வாயில் வேறு எதுவும் வரவில்லை.

"என்னம்மா இது?"

"கேஸ். வீடு பூரா கேஸ். உங்களுக்கு வாடை தெரியலையா?"

"எனக்கு மூக்கு செத்துப்போச்சும்மா. போன வருஷக் காய்ச்சலோட போனது" என்றார். அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது. "என் வீட்லயா? என் வீட்லதான் கேஸே கிடையாதே!"

அவரை வெளியே படியில் நிற்கவைத்துவிட்டு, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவள் உள்ளே போனாள். சமையலறையில் அடுப்பின் ஒரு குமிழ் முழுசாகத் திறந்திருந்தது. மூடினாள். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். ஒன்று பல வருஷமாகத் திறக்காதது, தோளைக் கொடுத்து இடித்ததும்தான் அசைந்தது. அடுப்பு மேடை ஓரத்தில் ஒரு மின்சாரக் கெண்டி இருந்தது. தண்ணீர் ஊற்றி, வயரைச் செருகி, சுவிட்சை மட்டும் போடாமல் வைத்திருந்தார். அவள் அந்தச் சுவிட்சைத் தொடாமல் தள்ளி வந்தாள். அவர் தூக்கத்திலிருந்து எழுந்ததும் அடுத்து செய்திருக்கக்கூடிய காரியம் அதைப் போடுவதுதான்.

இரண்டு பேரும் இறங்கித் தெருவுக்கு வந்து எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார்கள். அவள் அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். விலாசம் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "மாடி இணைப்பு யார் பேர்ல இருக்கு?" என்றாள்.

"சார், உங்க கேஸ் யார் பேர்ல இருக்கு?"

பெரியவர் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மறுபடி கேட்டாள். அவர் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இணைப்பு என் மனைவி பேர்ல இருக்கு. அவங்க காலமாயிட்டாங்க. இனி என் பேருக்கு மாத்தணும்."

ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, திருத்தமாக, கொஞ்சம்கூடப் பிசிறில்லாமல் வந்தது. தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். சொல்லி முடித்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கம்பெனி வண்டி வரும்வரை அந்தக் குட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை நாளா சார் கேஸ் இல்லாம இருக்கீங்க?"

"கீழ இருந்தவங்க காலி பண்ணிட்டுப் போனாங்களே, அன்னிலேருந்து."

"ஏன் சார் யார்கிட்டயும் சொல்லல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை..."

"அவ போனதைக் கம்பெனிக்குச் சொல்லவே இல்லம்மா. பில் அவ பேர்லயே வரும், நானும் கட்டிருவேன். கவர் மேல அவ பேரைப் பாக்குறது நல்லாத்தான் இருந்துச்சு. திடீர்னு கேஸ் நின்னதும், கண்டுபிடிச்சிட்டாங்க, அதான் மூடிட்டாங்கன்னு நினைச்சேன். கேட்டா, அவ இல்லைன்னு என் வாயால சொல்லணும். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். தெனமும் காலைல அடுப்பைத் திருப்பிப் பாப்பேன், வந்திருக்கான்னு. இன்னிக்குத் திருப்பினவன் மூட மறந்திருக்கேன்."

"சாப்பாட்டுக்கு?"

"ரொட்டி. கெண்டில சுடுதண்ணி. ஒரு ஆளுக்கு என்ன பெரிய சமையல்?"

அவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. குடிவந்த நாளிலிருந்து அவர் கேஸில்தான் தண்ணீர் காயவைத்து, சோறு வடித்து, டீ போட்டுக் குடித்திருக்கிறோம், அவரோ தலைக்கு மேலே காய்ந்த ரொட்டி தின்றுகொண்டிருந்திருக்கிறார். கேள்வி கேட்காதே என்று மகளிடம் சொன்னது நினைவுக்கு வந்து முகம் சுட்டது. "உங்க கேஸைத்தான் சார் நாங்க எரிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றாள். அவர், "நல்லா எரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வண்டி வந்தது. கையில் ஏதோ கருவியோடு இரண்டு பேர் முதலில் மேலே போய், காற்றில் மிச்சம் இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொரு குழாயாக மூடித் திறந்து, எது எங்கே போகிறது என்று பார்த்து, மீட்டர் மேல் இருந்த எழுத்தை அழித்து மாற்றி எழுதினார்கள். தவறாக ஏறின கணக்கை ஆபீசில் சரிசெய்துவிடுவார்கள் என்றார்கள்.

அதற்குள் காலையில் வந்த மெக்கானிக்கும் வந்துவிட்டான். யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் இரண்டு மணி நேரமாக அவனுக்காக நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். கிட்டே வந்தவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டான். சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஒரு தடவை அடுப்பை அணைச்சுட்டுப் பாத்திருக்கணும் மேடம். அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? நான் பாக்கல."

"ஆமா, பாக்கல" என்றாள். சேர்த்து வைத்ததில் அவ்வளவுதான் வெளியே வந்தது. திட்டுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. "அந்தப் போனை முதல்ல அணை. தண்ணி குடிக்கிறியா?"

அவன் குடித்தான். மேலதிகாரி மாதிரி இருந்தவர் அவனைத் தனியாக அழைத்துப்போய் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். அவன் வேலை என்ன ஆனது என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

எல்லோரும் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலைக்கு இனி நாளைக்குத்தான் போக வேண்டும், நாளைக்குப் போய் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டுமோ. அவள் தன் வீட்டுக் கதவில் கை வைக்கும்போது பெரியவர் படியிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம் மேல வர முடியுமா? எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு மூக்கு இல்ல. முதல் தடவை பத்தவைக்கும்போது பக்கத்துல யாராவது இருந்தா..."

முடியாது என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தப் படியைப் பார்த்தாலே முழங்கால் முனகியது. "வரேன் சார்" என்றாள்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறிப்போய், சமையலறையில் மோந்து பார்த்து, "ஒண்ணும் இல்ல, பத்தவைங்க" என்றாள். அடுப்பு எரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பரணிலிருந்து டீப்பாத்திரத்தை எடுத்துத் தூசி துடைக்க ஆரம்பித்தார். "உக்காருங்கம்மா, டீ போடுறேன்" என்றார். கூடத்தில் இருந்த சாய்வு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், கதவு திறந்து கிடக்க அம்மாவைக் காணாமல் பதறி மாடிக்கு ஓடிவந்தாள். வாசலில் பெரியவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் சமையலறைக்குள் போய் நின்றபடியே டீ குடித்தார்கள். நடந்ததை அவர் கிசுகிசுவென்று சொல்லச் சொல்ல, அவள் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது டம்ளர் தட்டால் மூடி வைத்திருந்தது.

ஊசியக்கா விழித்தபோது யார் வீடு இது என்று முதலில் தெரியவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அந்தப் பிடிவாத ஜன்னலின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"சூடு பண்ணித் தரட்டுமா?" என்றார்.

"வேணாம் சார்." ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "வாடி, அரிசி எந்தப் பெட்டியில இருக்குன்னு தேடணும். சார், ராத்திரிக்கு உங்களுக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறேன், ரொட்டி வாங்கப் போயிடாதீங்க."